‘இல்லை’ என்று பெயர் பெற்ற விண்மீன்

(வெள்ளி விழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் நம்மைக் கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசும்படி கேட்டனர். அதைப் பற்றிப் பேசத் தக்கோர் இம்மேடையில் பலர் உளர். ஆதலின் குழுவினரின் இசைவைப் பெற்று, நாம் வேறொரு பொருளை எடுத்துக்கொண்டோம். வானத்தில் ஓர் ஒளி தென்படுகிறது. அது எதனிடமிருந்து வருகிறது என்பது தெரியவில்லை. அதை எவ்வாறு கண்டுபிடிப்பது? இவ்வொரு வினாவுக்கு விடை காண விஞ்ஞானிகளுக்கு ஏறத்தாழ 20 ஆண்டுகள் பிடித்தன. அக்கதையையே இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

பள்ளியை விட்டுச் செல்லும் மாணவனுக்கு நாம் மாற்றுச் சான்றிதழ் எழுதித் தருகிறோம். அதில் ‘அங்க அடையாளங்கள்’ என்று ஓர் இடம் உண்டு. அங்கே இரண்டு அடையாளங்களை எழுத வேண்டும் என்பது விதி. ‘வலக் கன்னத்தில் ஒரு மச்சம்’ என்று ஒன்றை மட்டும் எழுதினால் போதாது. அத்தகைய மச்சம் உடையவர் ஊரில் பத்துப் பேர் இருக்கக்கூடும். ‘இடது முழங்காலில் ஒரு தழும்பு’ என்பதும் அதனோடு சேரும்போதுதான் ஆள் இன்னார் என்பது உறுதிப்படும். வான நூலாரும் இவ்விதியையே வேறு வகையில் கையாளுகின்றனர் என்பதை நாம் பிற்பாடு காண்போம்.

நம் கண்ணுக்குத் தெரியும் ஒளி, மின்காந்த அலைகளின் நீண்ட வரிசையில் ஒரு சிறு துண்டே ஆகும். அதனினும் நெடிய அலைகள் அகச்சிவப்புக் கதிரும் ரேடியோ அலையும். அதனினும் குறுகியவை புறஊதாக் கதிரும் எக்ஸ் கதிரும். எல்லாவற்றினும் குறுகியது காமாக் கதிர். அலை குறுகக் குறுக அதன் ஆற்றல் மிகும். இன்று நாம் பேசப்போகும் காமாக் கதிரின் ஒரு துகள், கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஒரு துகளைவிட 5 கோடி மடங்கும் அதற்கு மேலும் ஆற்றலுடையது. சாதாரண வெப்பத்தால் இத்தகைய கதிர் பிறப்பதில்லை. எவ்வளவு சூடான விண்மீனாயினும் அதன் மேற்பரப்பிலிருந்து இது வாராது. எங்கோ மின்துகள்கள் பெருவேகத்திற்கு முடுக்கப்படுகின்றன என்பதற்கு இஃது ஓர் அறிகுறி.

அக்கதிரை நம் பூமியின் காற்றுமண்டலம் தடுத்துவிடுகிறது. அது நம் உயிருக்கு நல்லதே. ஆனால் அதைப் பார்க்க விரும்புவோர் செயற்கைக்கோளை மேலே அனுப்பியாக வேண்டும். அனுப்பினாலும் இடர் தீர்வதில்லை. இத்துணை ஆற்றலுடைய கதிரை வில்லையால் வளைத்துக் குவிக்க இயலாது. கண்ணாடியால் திருப்பவும் இயலாது. எனவே காமாக் கதிர்த் தொலைநோக்கி என்பது உண்மையில் ஒரு பொறி. கதிர் உட்புகுந்து உலோகத் தகட்டில் மோதி, ஓர் எலக்ட்ரானாகவும் ஒரு பாசிட்ரானாகவும் மாறும். அவ்விரண்டும் சென்ற தடத்தைப் பின்னோக்கி நீட்டி, ‘கதிர் இத்திசையிலிருந்து வந்திருக்கலாம்’ என்று கணக்கிடுவர். ‘இருக்கலாம்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். முழுநிலவின் அகலம் அரைப் பாகை. தொடக்க காலக் கருவிகள் காட்டிய இடமோ, நிலவைப் போன்ற பல வட்டங்களை உள்ளடக்கக் கூடிய பரப்பு. அதற்குள் விண்மீன்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். கதிரை உமிழ்வது அவற்றுள் எது?

அமெரிக்கர் 1972 நவம்பரில் கென்யக் கடற்கரைக்கு அப்பாலுள்ள கடல் மேடையிலிருந்து சாஸ்-2 என்னும் சிறு செயற்கைக்கோளை ஏவினர். மின்வழங்கி பழுதுபட்டதால் 1973 ஜூனில் அது பணியை நிறுத்திக்கொண்டது. ஏழு மாதமும் நிறையாத அந்த வாழ்நாளில், மிதுன ராசியின் பக்கம் காமாக் கதிர் வலுவாக வருவதை அது பதிவு செய்தது. அருகே ரிஷப ராசியில் நண்டு நெபுலா இருக்கிறது. அதன் நடுவே ஒரு துடிப்பு விண்மீன் உண்டு என்பதும், அதிலிருந்து காமாக் கதிர் வருகிறது என்பதும் முன்பே தெரியும். மிதுனத்தில் கண்டதற்கோ பொருத்தமான பொருள் எதுவும் அவ்விடத்தில் தென்படவில்லை.

ஐரோப்பியர் 1975 ஆகஸ்டில் ஏவிய காஸ்-பி என்னும் செயற்கைக்கோள், இரண்டாண்டுக்கென்று செய்யப்பட்டு ஆறரை ஆண்டுக்கு மேல் உழைத்தது. 1981-இல் அதன் பட்டியல் வெளியாயிற்று. அதில் 25 காமாக் கதிர் மூலங்கள் இருந்தன. இன்னது என்று சொல்ல முடிந்தவை நான்கே. மற்ற 21-க்கும் எண் உண்டு, பெயர் இல்லை. மிதுனத்து மூலமோ, வானிலேயே மிக வலுவானவற்றுள் ஒன்று. அதற்கும் முகவரி இல்லை.

இத்தாலி நாட்டு மிலான் நகரைச் சேர்ந்த ஜியோவான்னி பிக்னாமி என்னும் விஞ்ஞானி அதற்கு ‘கெமிங்கா’ என்று பெயரிட்டார். மிதுனத்திற்கு மேனாட்டார் வழங்கும் பெயரும் காமா என்பதும் சேர்ந்த சுருக்கம் அது. ஆனால் மிலான் நகரத்துப் பேச்சு வழக்கில், ஏறக்குறைய அதே ஒலியில் ‘கே மிங்கா’ என்றால் ‘அது இல்லை’ என்று பொருள். பிக்னாமி வேண்டுமென்றேதான் அப்பெயரை வைத்தார். ஊரார் தம் பேச்சு மொழியில் செய்த ஒரு வேடிக்கை, உலக விஞ்ஞான ஏடுகளில் நிலைபெற்றுவிட்டது. நமக்கு அதில் ஒரு மகிழ்ச்சி உண்டு.

இனித் தேடுதலுக்கு வருவோம். 1967-இல் கேம்பிரிட்ஜில் ஜோசலின் பெல் என்னும் ஆராய்ச்சி மாணவி ரேடியோ தொலைநோக்கியின் பதிவுத் தாளில் முதல் துடிப்பு விண்மீனைக் கண்டார். சூரியனைவிடப் பெரிய விண்மீன் ஒன்று வெடித்தபின் எஞ்சிய உட்கரு, ஒரு நகரத்தளவு உருண்டையாகச் சுருங்கி அதிவேகமாய்ச் சுழல்வதே துடிப்பு விண்மீன். கலங்கரை விளக்கைப் போல் அதன் கதிர் ஒவ்வொரு சுற்றுக்கும் நம்மைத் தொட்டுச் செல்லும். கெமிங்காவும் அவ்வினமாக இருக்கலாம் என்று ஐயுற்றவர்கள் ரேடியோ தொலைநோக்கியைத் திருப்பினர். அங்கே துடிப்பு எதுவும் கேட்கவில்லை. ரேடியோவில் இல்லை, படத்திலும் இல்லை. பெயர் பொருந்திவிட்டது!

இங்கே ஒரு செய்தியை நாம் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறோம். துடிப்பைக் காமாக் கதிரிலேயே நேராகத் தேடலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். தேடினார்கள். ஆனால் அக்காலக் கருவியில் அந்த மூலத்திலிருந்து ஒரு நாளில் சில துகள்களே விழும். விண்மீனோ, பிற்காலத்தில் தெரிந்தபடி, ஒரு நாளில் 3 இலட்சத்து 64 ஆயிரம் முறைக்கு மேல் சுழல்கிறது. இரவு முழுதும் இடைவிடாது தட்டப்படும் தாளத்தில் பத்துத் தட்டுகள் மட்டும் உங்கள் செவியில் விழுந்தால், அது ஆதி தாளமா ரூபகமா என்று எவ்வாறு சொல்வீர்கள்? எனினும் 1977-இல் சாஸ்-2 பதிவுகளில் 59 விநாடிக்கு ஒரு முறை ஏற்றத்தாழ்வு உண்டென்று அறிவித்தனர். பின்னர் எக்ஸ் கதிர்ப் பதிவுகளிலும் அதைக் கண்டதாகக் கூறினர். 1980-களின் நடுவில் பிறர் அக்கணக்கை மீண்டும் போட்டுப் பார்த்தனர். குறைந்த எண்ணிக்கையில் விழுந்த துகள்களை எத்தனையோ காலஇடைவெளிகளில் அடுக்கிப் பார்க்கும்போது, ஏதேனும் ஒன்றில் தற்செயலாகவே ஒழுங்கு தோன்றும் என்பது வெளிப்பட்டது. 59 விநாடி கைவிடப்பட்டது. அதற்காக யாரும் யாரையும் இகழவில்லை, வேலை தொடர்ந்தது.

வழி எக்ஸ் கதிரின் பக்கமாகத் திறந்தது. எக்ஸ் கதிரைச் சாய்வாகப் படும் வழவழப்பான கண்ணாடிகளால் குவிக்க முடியும். அதனால் இடத்தைத் துல்லியமாய்க் குறிக்கவும் முடியும். 1978-இல் ஏவப்பட்ட ஐன்ஸ்டீன் செயற்கைக்கோள் கெமிங்காவின் பரப்பை நோக்கியது. பிக்னாமியும் அவருடன் பணிபுரிந்த பாட்ரிசியா கரவேயோ அம்மையாரும் மற்றொருவரும் சேர்ந்து 1983-இல் தம் முடிவை வெளியிட்டனர். அப்பரப்பில் தெரிந்த எக்ஸ் கதிர்ப் புள்ளிகளுள் ஒன்றின் இடத்தில் மட்டும் கண்ணுக்குத் தெரியும் விண்மீன் எதுவும் காணப்படவில்லை. சாதாரண விண்மீனாயின் எக்ஸ் கதிர் சிறிதாகவும் ஒளி பெரிதாகவும் இருக்கும். இங்கோ தலைகீழ், எக்ஸ் கதிர் ஒளியைவிட ஆயிரம் மடங்குக்கும் மிகுதி. அத்தகைய பொருள் நியூட்ரான் விண்மீனாகத்தான் இருக்க இயலும் என்று அவர்கள் வாதிட்டனர்.

வாதம் நல்லது, சான்று முழுமையன்று. அவ்விடத்தில் பெருந்தொலைநோக்கிகளால் நெடுநேரம் படமெடுத்தனர். சற்று ஒளியுடன் தென்பட்ட ஒன்றை முதலில் அதுவென எண்ணினர். ஆராய்ந்தபோது அது சாதாரண விண்மீனாயிற்று. 1987, 1988 ஆண்டுகளில் 25-ஆம் பருமனுக்கும் மங்கிய ஒரு நீலப் புள்ளி அகப்பட்டது. வெறுங்கண்ணுக்குத் தெரியும் மிக மங்கிய விண்மீனைவிடவும் அது சுமார் 6 கோடி மடங்கு மங்கியது. காமாக் கதிரில் வானத்தையே ஆளும் ஒரு பொருள், கண்ணொளியில் இவ்வளவு எளிய கோலத்தில் நிற்கிறது!

ஆயினும் ஐயம் தீரவில்லை. காமாப் பரப்புக்குள் எக்ஸ் கதிர்ப் புள்ளி, அப்புள்ளிக்குள் ஒளிப்புள்ளி. மூன்றும் ஓரிடத்தில் இருக்கின்றன என்பதைத் தவிர, மூன்றும் ஒன்றே என்பதற்கு என்ன ஆதாரம்? ஒருவர் குடியிருக்கும் தெருவை மட்டும் கேட்டறிந்துகொண்டு அவர் இன்னார் என்று முடிவு கட்டுவது எவ்வளவு பெரிய பிழை என்பதை இவ்வவையோருக்கு நாம் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. இரண்டாவது அங்க அடையாளம் இங்கேதான் வேண்டியதாயிற்று.

அது 1992-இல் கிடைத்தது. 1990-இல் ஏவப்பட்ட ரோசாட் என்னும் ஜெர்மானிய எக்ஸ் கதிர்ச் செயற்கைக்கோளின் பதிவுகளை ஆராய்ந்த ஜூல்ஸ் ஹால்பெர்னும் ஸ்டீபன் ஹோல்ட்டும், அந்த எக்ஸ் கதிர்ப் புள்ளி 0.237 விநாடிக்கு ஒரு முறை துடிக்கிறது என்று கண்டனர். அவ்வமயம் காம்ப்டன் என்னும் பெரிய காமாக் கதிர் ஆய்வுக்கூடம் விண்ணில் சுற்றிக்கொண்டிருந்தது. அது 1991 ஏப்ரலில் ஏவப்பட்டது. அதிலிருந்த எக்ரெட் என்னும் கருவியைக் கவனித்து வந்தோர், இந்த எண்ணை அறிந்தவுடன் தம் பதிவுகளை அந்த இடைவெளியில் அடுக்கிப் பார்த்தனர். காமாக் கதிரும் அதே 0.237 விநாடியில் துடித்தது! இடம் ஒத்திருந்ததோடு நாடியும் ஒத்துவிட்டது. ஒரே இடத்தில் இரு பொருள்கள் தற்செயலாய் இருக்கலாம். ஒரே நாடியில் இரண்டும் தற்செயலாய் அடிக்க முடியாது.

அடுத்து நிகழ்ந்ததே நமக்கு மிகவும் பிடித்த பகுதி. தாளம் இன்னதென்று தெரிந்துவிட்டதல்லவா? பழைய காஸ்-பி பதிவுகளை எடுத்து அடுக்கினர். அங்கும் அதே துடிப்பு இருந்தது. சாஸ்-2 பதிவுகளைத் தூசி தட்டி எடுத்தனர். 1972, 1973-இல் விழுந்த அந்தச் சில துகள்களிலும் அது இருந்தது. இருபது ஆண்டுகளாக விடை பெட்டியிலேயே கிடந்திருக்கிறது. அன்றைய ஏடுகளை யாரும் கழித்துக் கட்டாமல் காத்து வைத்தார்களே, அதற்காக அவர்களை வணங்க வேண்டும். பள்ளிப் பதிவேடுகளைக் கரையானுக்குக் கொடுத்துவிட்டுத் தவிப்போரை நாம் பார்த்திருக்கிறோம், ஆகவே சொல்கிறோம்.

பழைய பதிவும் புதிய பதிவும் சேர்ந்ததால் மற்றொன்றும் புலனாயிற்று. அவ்விண்மீனின் சுழற்சி மெல்ல மெல்லத் தளர்கிறது. ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம், ஆண்டுக்கு ஒரு விநாடியில் கோடியில் மூன்றரைப் பங்கு அளவே நீள்கிறது. இதைக் கொண்டு அதன் அகவை சுமார் 3 இலட்சத்து 40 ஆயிரம் ஆண்டு என்று மதிப்பிட்டனர். 1993-இல் அந்த மங்கிய ஒளிப்புள்ளி வானத்தில் இடம்பெயர்ந்து செல்வதும் அளக்கப்பட்டது. தொலைவு 500 ஒளியாண்டு என்று 1996-இல் கணித்தனர். பின்னர் ஹப்பிள் தொலைநோக்கியால் மேலும் அளந்து 800 ஒளியாண்டு அளவில் இருக்கும் என்று திருத்தினர். ‘இல்லை’ என்று பெயர் பெற்றது, விண்மீன் கணக்கில் நம் அடுத்த வீட்டில் இருந்தது. அதன் ரேடியோக் கற்றை நம் பக்கம் திரும்பாமையால் நமக்குக் கேட்கவில்லை என்பதே பலரும் கூறும் விளக்கம்.

கெமிங்காவோடு கதை முடிந்துவிடவில்லை. 1999-இல் வெளிவந்த எக்ரெட் பட்டியலில் 271 மூலங்கள் இருந்தன; அவற்றுள் 170 இன்னவென்று தெரியாதவை. 2008 ஜூன் 11-இல் ஃபெர்மி தொலைநோக்கி ஏவப்பட்டது. அதன் நான்காம் பட்டியல் 2020-இல் வெளியாயிற்று. அதில் 5,064 மூலங்கள். இவற்றுள் பெரும்பாலானவை தொலைதூர விண்மீன் மண்டலங்களின் நடுவிலுள்ள கருங்குழிகள். அவை வீசும் துகள் தாரை நம்மை நோக்கியிருப்பதால் நமக்குத் தெரிகின்றன.

அப்பட்டியலைத் தொகுத்தோர் ஒரு நேர்மையைக் கடைப்பிடித்திருக்கின்றனர். ‘தொடர்புடையது’ என்பது ஒரு சொல். ‘அடையாளம் காணப்பட்டது’ என்பது வேறு சொல். காமாப் பரப்புக்குள் ஏற்ற வகையான ஒரு பொருள் இருந்து, அது தற்செயலாய் அமைந்திருக்கும் வாய்ப்பும் குறைவாயின், அது தொடர்புடையது. துடிப்பு ஒத்தாலோ, காமாக் கதிர் ஏறி இறங்கும்போது மற்ற ஒளியும் உடன் ஏறி இறங்கினாலோ, வானில் பரந்த வடிவம் ஒத்தாலோதான் அடையாளம் காணப்பட்டது. இக்கடுமையான கணக்கில் தேறியவை 358 மட்டுமே. எந்தப் பொருளோடும் தொடர்புபடுத்த இயலாதவை 1,336. நூற்றுக்கு 26-க்கு மேல்!

அந்தப் பெயரில்லாக் கூட்டத்திலிருந்து ஒவ்வொன்றாக வெளிவந்துகொண்டிருக்கின்றன. எக்ரெட் காலந்தொட்டு அறியப்படாமலேயே இருந்த ஒரு மூலத்தின் பரப்பை 2012-இல் ஒளித் தொலைநோக்கியால் நோக்கினர். அங்கே ஒரு சிறு பொருள் 94 நிமிடத்திற்கு ஒரு முறை மின்னி மங்கியது. ஒரு பக்கம் மட்டும் கடுமையாய்ச் சூடேறிய துணை ஒன்று, கண்ணுக்குத் தெரியாத ஒரு தலைவனைச் சுற்றி வருகிறது என்று கொண்டனர். அந்தச் சுற்றை வைத்துக் கணக்கிட்டு ஃபெர்மியின் துகள்களை அடுக்கியபோது, விநாடிக்கு 390 முறை சுழலும் துடிப்பு விண்மீன் அகப்பட்டது. கெமிங்காவுக்கு எக்ஸ் கதிர் வழிகாட்டியது. இதற்கோ கண்ணொளி வழிகாட்டிற்று. எந்த வாயில் முதலில் திறக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஆகவேதான் எல்லா வாயில்களையும் தட்ட வேண்டியிருக்கிறது.

நம் நாட்டிலும் இப்பணி நடைபெறுகிறது. மகாராட்டிரத்தில் புனே மாவட்டத்து நாராயண்காவ் அருகே, ஒவ்வொன்றும் 45 மீட்டர் குறுக்களவுள்ள 30 ரேடியோக் கிண்ணங்கள் நிற்கின்றன. ஃபெர்மி காட்டிய அறியாத மூலங்களின் பக்கம் அவற்றைத் திருப்பித் தேடிய நம் விஞ்ஞானிகள், விநாடிக்கு 460 முறைக்கு மேல் சுழலும் துடிப்பு விண்மீன் ஒன்றைக் கண்டு 2013-இல் அறிவித்தனர். அதற்கும் ஒரு சிறு துணை உண்டு. மூன்று மணி நேரத்திற்குள் ஒரு சுற்றை முடிக்கிறது. இடையிடையே தலைவனின் ரேடியோ ஒலியையும் அது மறைத்துவிடுகிறது. ரேடியோவில் தாளம் தெரிந்தபின் காமாக் கதிரிலும் அதே தாளம் இருப்பது உறுதியாயிற்று.

இளைஞர்களே! இவையெல்லாம் பெரிய நாடுகளின் பெரிய கருவிகள், நமக்கென்ன என்று எண்ண வேண்டா. ஃபெர்மி பதிவு செய்யும் துகள்களின் விவரங்கள் யாவும் கட்டணமின்றி எல்லாருக்கும் திறந்து வைக்கப்பட்டுள்ளன. ‘ஐன்ஸ்டீன் அட் ஹோம்’ என்னும் திட்டத்தில் உலகெங்குமுள்ள சாதாரண மக்கள் தம் வீட்டுக் கணிப்பொறி ஓய்ந்திருக்கும் நேரத்தை இத்தேடலுக்குக் கொடுக்கின்றனர். அவ்வாறு தேடியதில் அறியாத மூலங்களுக்குள் நான்கு துடிப்பு விண்மீன்கள் புலனாயின என்று 2013-இல் அறிவித்தனர். எவர்தம் கணிப்பொறியில் அத்துடிப்பு தென்பட்டதோ அவர்களுக்குரிய நன்றியையும் மறவாமல் பதிவு செய்தனர். அவர்கள் விஞ்ஞானிகள் அல்லர்.

இத்துறையையே வாழ்க்கைப் பணியாகக் கொள்ள விரும்புவோர் மேல்நிலை வகுப்பில் கணிதத்தையும் பௌதிகத்தையும் விடாது படிக்க வேண்டும். பௌதிகத்தில் பி.எஸ்ஸி. முடித்தபின் எம்.எஸ்ஸி. சேர்க்கைக்கு ‘ஜாம்’ என்னும் அகில இந்தியத் தேர்வு உண்டு. ஆராய்ச்சிப் படிப்புக்கு ‘ஜெஸ்ட்’ என்னும் தேர்வு உண்டு. நம் சிற்றூர்களில் இவற்றின் பெயரையே கேள்வியுறாமல் பட்டப்படிப்பை முடித்துவிடுவோர் மிகப் பலர். இவ்விரண்டுக்கும் விண்ணப்பம் செய்யும் முறையையும் பழைய வினாத்தாள்களையும் நாம் எழுதித் தொகுத்துச் சங்க நூலகத்தில் கொடுத்திருக்கிறோம். ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு நாமும் அங்கே இருப்போம். ஐயமுள்ளோர் வரலாம்.